முகத்தளவு வெளிச்சம்

மேடை விளக்கு வேலை பார்க்கிறவர்களுக்குப் பேய் பயம் இருக்கக் கூடாது. இருந்தால் பிழைப்பு நடக்காது. எங்கள் வேலையில் பாதி, இருட்டை உண்டாக்குவதுதான். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, கதவிடுக்கில் சாக்கை அடைத்து, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் உள்ளே கையை நீட்டினால் கை தெரியாதபடி செய்வோம். அதன் பிறகுதான் அந்த இருட்டில் எது தெரிய வேண்டும், எவ்வளவு தெரிய வேண்டும் என்று பார்ப்போம். பகல் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு தூக்கமும் போட்டு எழுகிறவள் நான். என்னிடம் வந்து ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் போய் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வை என்பேன்.

சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கலையரங்கத்தில் வேலை. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பிறந்தது அண்ணாகிராமம் பக்கம், முந்திரியும் பலாவும் வைத்திருந்த குடும்பம். அக்கா வீட்டுக்காரர் பண்ருட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட், சீரியல் பல்பு, ஜெனரேட்டர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துவிட்டு லீவு நாட்களில் அவரோடு போவேன். "பொம்பளப் புள்ள ஏணி மேல ஏறுனா ஜனம் சாமிய பாக்காது, உன்னத்தான் பாக்கும்" என்பார் மாமா. "பாக்கட்டும் மாமா, கீழ நின்னு பாக்குறவுங்க தலையிலதான் ஸ்பேனர் வுழும்" என்பேன். அப்படித்தான் ஏணி பழகியது.

பல்கலைக்கழகத்தில் டெக்னீஷியன் என்று எடுத்தார்கள். பிறகு மாணவர் நாடகக் குழுவுக்கு விளக்கு சொல்லித்தரும் வேலையையும் தலையில் கட்டி, 'மென்டார்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்ததே தவிர, உட்கார ஒரு நாற்காலி வரவில்லை. இன்றும் மேடைப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளைத் திட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. வெளிச்சத்தை விட்டு விலகி நின்று வசனம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இவ்வளவு சிரமப்பட்டு வெளிச்சம் வைத்தால், அதற்குப் பக்கத்தில் இருட்டில் நின்று அழுதுகொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் எடுத்தது வெள்ளத்தைப் பற்றிய நாடகம். முகாமிலிருந்து திரும்பி வரும் ஒரு பெண், தன் வீடு இருந்த இடத்தைத் தேடுவதுதான் கதை. வீடு இல்லை. வெறும் சேறு. அவள் ஒவ்வோர் இடமாகப் போய் நின்று, இங்கே இது இருந்தது, இங்கே அது இருந்தது என்று காட்டுவாள். மேடையில் ஒரு பொருளும் கிடையாது. அவள் போகும் இடத்துக்கெல்லாம் வெளிச்சம் முன்னாலோ பின்னாலோ வரும். அவ்வளவுதான் நாடகம். இயக்கிய ஆசிரியர், வசனத்தை எழுதிக் கொடுக்காமல் பிள்ளைகளையே பேசவிட்டு அதிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்.

அந்தப் பெண்ணாக நடித்த மாணவிக்குக் குமராட்சி பக்கம் ஒரு கிராமம். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் முதலில் நனைகிற ஊர். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். நல்ல உயரம். உயரமான பெண்கள் பல பேர் கூனிக்கொண்டு நிற்பார்கள். இவள் நிமிர்ந்து நிற்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது.

எங்கள் வேலையில் ஃபோகஸ் வைப்பது என்று ஒன்று உண்டு. நடிக்கிறவர் எங்கே நிற்பாரோ அங்கே ஓர் ஆளை நிறுத்தி, மேலே ஏணியில் ஏறி, ஒவ்வொரு விளக்காகத் திருப்பி அந்த ஆள் மேல் விழவைத்து போல்ட்டை முறுக்குவது. கீழே நிற்கிறவருக்கு அது தண்டனை. கண் கூசும், கால் வலிக்கும், நகரக் கூடாது. வேறு யாராவது என்றால் பத்தாவது நிமிடம் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இவள் நிற்பாள். நிற்கச் சொன்னால் நிற்பாள். சும்மா நிற்க மாட்டாள், பேசிக்கொண்டே நிற்பாள். கன்ட்ரோல் போர்டில் உட்கார்ந்து விளக்கை ஏற்றி இறக்குவது அவளுடைய சிநேகிதி, மங்கலம்பேட்டைப் பெண், என்னிடம் விளக்கு கற்றுக்கொண்டவர்களில் வேலை சுத்தமானவள். தலையில் முக்காடு, காதில் ஹெட்செட், வாயில் எப்போதும் ஏலக்காய். இரண்டு பேரும் பேசினால் எனக்கு மேலே இருந்து கத்தித்தான் வேலை நடத்த வேண்டியிருக்கும்.

நாடகத்தின் நடுவில் ஒரு கட்டம். அவள் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் நிற்கிறாள். எல்லா வெளிச்சமும் அணைந்து, முகம் மட்டும் தெரிய வேண்டும். உடம்பு தெரியக் கூடாது, தரை தெரியக் கூடாது. அதற்காக ஒரு விளக்கைத் தனியாக ஒதுக்கி, அதன் உள்ளே இருக்கும் தகடுகளை நெருக்கி நெருக்கி, அவள் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சரியாக வெட்டி வைத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. இருட்டில் ஒரு முகம் மட்டும் மிதந்துகொண்டு நின்றது. பார்த்ததும் எனக்கே உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

இடையில் விடுமுறை வந்தது. ஊருக்குப் போனாள். காய்ச்சல் என்று செய்தி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அடுத்த செய்தி. அதற்கடுத்த செய்தி மங்கலம்பேட்டைப் பெண்ணின் போனுக்குத்தான் வந்தது. போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அதைப் படித்துவிட்டு, தங்கள் வழக்கப்படி அரபியில் ஒரு வாக்கியம் சொன்னாள். இறந்தவர்களுக்குச் சொல்வது. எனக்கு அந்த வாக்கியத்தின் பொருள் தெரியாது. ஆனால் யாருக்காகச் சொல்கிறாள் என்று உடனே தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் மினி பஸ் பிடித்து ஊருக்குப் போய் வந்தார்கள். போன இடத்தில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அழுகையில் யாரோ ஒருத்தி, "எவ்ளோ நல்லா நடிச்சா தெரியுமாம்மா" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. மேடை ஏறினால் படிப்பு நின்றுவிடும் என்று அப்பா முன்னாடியே சொல்லிவைத்திருந்தாராம். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லித்தான் இவள் ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்கு மகள் போனது ஒரு பக்கம். தன்னிடம் பொய் சொல்லிவிட்டு மகள் எங்கே போய் நின்றாள், என்ன செய்தாள் என்பது இன்னொரு பக்கம். வந்த பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த நாடகம்? என்னா வேஷம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் அரங்கம் ஒரு மாதிரி ஆனது.

நாடகம் நின்றுவிடவில்லை. போட்டிக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது. வேறு ஒரு பெண்ணைப் போட்டார்கள். முதல் வருட மாணவி, குட்டையாக இருப்பாள், முந்தையவளின் தோள் அளவுதான். நல்ல குரல். ஆனால் வெளிச்சம் எல்லாம் பழைய உயரத்துக்கு வைத்தது. மற்ற விளக்குகள் அகலமாக விழுவதால் எப்படியோ ஒப்பேறியது. முகத்துக்கு வைத்த விளக்கு மட்டும் அவளைத் தொடவே இல்லை. அந்தக் கட்டம் வரும்போது குரல் மட்டும் இருட்டிலிருந்து வரும். அவள் தலைக்கு மேலாகப் போன வெளிச்சம், பின்னால் தரையில் ஒரு முறத்தளவுக்கு விழுந்து கிடக்கும்.

"மேடம், அந்த எடத்துல மட்டும் எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாரி இருக்குது" என்றாள் புதிய பெண்.

"பின்னாடி வெளிச்சம் வுழுவுது. வேற ஒன்னும் இல்ல" என்றேன்.

"வெளிச்சம்னா திரும்பிப் பாத்தா போயிரணும்ல மேடம்?" என்றாள். என்ன கேட்கிறாள் என்று எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை.

ஏணி போட்டு ஏறி அந்த விளக்கை இறக்கி வைக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. மங்கலம்பேட்டைப் பெண்ணிடம் சொன்னேன். "நாளைக்குப் பண்ணலாம் மேடம்" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அதேதான். அந்த விளக்கு அவள் நெற்றிக்கும் தாடைக்கும் அளவெடுத்தது. திருப்பிவிட்டால் அந்த அளவு வேறு எங்கும் கிடையாது. தைத்த சட்டை என்றாலாவது மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

இன்னொன்றும் நடந்தது. எல்லா விளக்கையும் அணைத்து முழு இருட்டு வரும் நேரத்தில், அந்த ஒரு விளக்கு மட்டும் முழுசாக அணையாமல், உள்ளே கம்பி மட்டும் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் பழசானால் கரண்ட் இப்படிக் கசியும். எல்லா அரங்கத்திலும் நடப்பதுதான். வேறு சேனலுக்கு, அதாவது வேறு லைனுக்கு மாற்றினேன். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது. அப்புறம் அந்தச் சேனலிலும் கசிய ஆரம்பித்தது. கடற்காற்று, பழைய வயரிங், எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இத்தனை விளக்கு தொங்குகிறதே, அது மட்டும் ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், போய் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வை என்பேன்.

"பேயெல்லாம் கெடையாது மேடம்" என்று மங்கலம்பேட்டைப் பெண் எனக்குத் தைரியம் சொன்னாள். "ஜின்னு வேணா இருக்கும்."

"அது எந்த சேனல்ல வருதுன்னு பாரு" என்றேன். சிரித்தோம். சிரிப்பு அந்தப் பெரிய ஹாலில் எங்கேயோ போய் மோதிவிட்டு லேட்டாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு அங்கே நான் மத்தியானத்தில் தூங்குவதை விட்டுவிட்டேன். கண்ணை மூடினால் இமைக்குள் பச்சையாக ஒரு முகம் தெரியும். பிரகாசமான எதையாவது உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் எல்லாருக்கும் தெரியும் கறைதான். அந்த முகத்தை நான் மணிக்கணக்காக உற்றுப் பார்த்தவள். ஆனால் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. பயந்தேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் மதியம் அந்த அம்மா வந்துவிட்டார்.

நல்ல வெயில். குமராட்சியிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். குட்டையான உருவம், வயல் வேலை பார்த்துக் காய்ந்த கைகள், வெளுத்த நீலப் புடவை. அரங்கத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கோயிலுக்குள் நுழைகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டே வாங்கம்மா என்று சொன்னேன். கேட்கவில்லை.

"நீங்கதான் லைட்டு மேடமா? எம் புள்ள நாடகம் ஆடுச்சாமே. அத நான் பாக்கணும்" என்றார்.

மேடைப் படியில் உட்காரச் சொன்னேன். "என்கிட்ட பொய் சொல்ற புள்ள இல்லம்மா அது" என்றார். "ஒரு பால் பாக்கெட் வாங்குனாக்கூட சொல்லிட்டுத்தான் வாங்கும். அப்புடிப்பட்டது எதுக்காவப் பொய் சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியணும். அவுங்க அப்பாவுக்குத் தெரியாது நான் வந்தது."

பிள்ளைகளின் போனில் ஒத்திகை வீடியோக்கள் இருந்தன. மங்கலம்பேட்டைப் பெண் தன் போனை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மேடை இருட்டு, நடுவில் ஒரு கடுமையான வெளிச்சம் என்றால் போன் கேமராவுக்குக் கணக்குத் தப்பிவிடும். இருட்டைப் பார்த்து அது கண்ணை அகலத் திறந்துகொள்ளும். வெளிச்சத்தில் இருக்கும் முகம் வெந்து வெள்ளையாகிவிடும். ஒரு வீடியோவில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. வெள்ளையாக ஒரு வட்டம் மேடையில் நடந்துபோய் நின்று, அவள் குரலில் பேசியது.

அந்த அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், முந்தானையால் துடைத்தார்.

"கொரலு எம் புள்ளதுதான். இது யாரும்மா, மூஞ்சியே இல்லாம?"

நான் இருபது வருடத்துக்கு மேல் வெளிச்சத்தோடு இருக்கிறவள். ஓர் அம்மாவிடம் இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கேமரா அப்படி, கண்ணால் பார்த்தால் முகம் நன்றாகத் தெரியும் என்று ஏதோ சொன்னேன். "அப்ப கண்ணால பாத்தவுங்களுக்குத் தெரிஞ்சுது, எனக்குத்தான் தெரியல" என்றார். அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மங்கலம்பேட்டைப் பெண்தான் ஒரு யோசனை சொன்னாள். "மேடம், வீடியோல சவுண்டு ஃபுல்லா இருக்குது. லைட்டு ஏத்தி எறக்குற க்யூ எல்லாம் பழைய மாரியேதான் போர்டுல இருக்குது. ரெண்டையும் ஒன்னா ஓட்டலாமா?"

எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆள் இல்லாத மேடையில் ஆள் இருக்கும் வெளிச்சத்தை ஓட்டுவது சரியில்லை என்று பட்டது. ஆனால் அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டதில் கொஞ்சமாவது கொடுக்க எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன். கதவைச் சாத்தினேன். போனை ஸ்பீக்கரில் மாட்டினோம். ஹால் இருட்டானது. மேலே அந்த ஒரு விளக்கின் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

முதலில் காலடிச் சத்தம் வந்தது. மேடைப் பலகையில் வெறுங்கால் வைத்து நடக்கும் சத்தம். ஸ்பீக்கரில் வருகிறது என்று எனக்குத் தெரியும். வயரை மாட்டியவளே நான்தான். ஆனாலும் சத்தம் இடது பக்கத்திலிருந்து நடுவுக்கு நடந்து வந்ததாகவே காதுக்குத் தோன்றியது. அது வந்த இடத்தில் வெளிச்சம் மெல்ல எழுந்தது. வெறும் பலகை. தூசி மட்டும் மிதந்தது.

"இங்கதான் அடுப்பு இருந்துச்சு" என்றது குரல்.

வெளிச்சம் நகர்ந்தது. காலடிகள் தொடர்ந்தன. "இங்க தண்ணிக் கொடம். எங்கம்மா இதுமேல எதையும் வைக்க வுடாது. நான் வைப்பேன்."

முன்வரிசையில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க கட்டிலு. கட்டிலுக்குக் கீழ வெத நெல்லு மூட்ட. தண்ணி வந்த அன்னைக்கு எங்கம்மா என்னையத் தூக்கல, மூட்டையத்தான் தூக்குச்சு. நானாதான் ஓடுனேன்." குரல் சிரித்தது. ஒத்திகையில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள், அந்தச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காலியான நாற்காலிகளுக்கு நடுவில் அவ்வளவு பேர் சிரித்தார்கள்.

"எங்க வூடும்மா இது" என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "எங்க வூட்டச் சொல்லுது. அந்தப் பழைய வூடு."

நான் அவர் பக்கத்தில் நின்றேன். மேடையில் வெளிச்சம் ஓர் இடம் விட்டு ஓர் இடம் போக, அவர் தலையும் கூடவே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் போகும் முன்பே அவர் பார்வை போக ஆரம்பித்தது. அடுத்து மாட்டுக் கொட்டகை என்றால் அது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியுமே. மேடையில் வீட்டை அப்படியே அளந்து போட்டிருக்கிறாள் அந்தப் பெண். எனக்கு அது தெரியாது. வெளிச்சம் வைத்த எனக்கே தெரியாது. நான் ஏதோ இயக்கியவர் சொன்ன இடங்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. மற்ற எல்லா வெளிச்சமும் அணைந்து, முகத்துக்கு வைத்தது மட்டும் ஏறியது. குரல் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் மூச்சு மட்டும். மேடையில் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சம் என்பது அப்படித்தான். ஏதாவது ஒன்று அதற்குள் வந்து நின்றால்தான் அது இருப்பதே தெரியும். பின்னால் தரையில் மட்டும் அந்த முறத்தளவு துண்டு.

அப்போது என் குரல் கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து, எரிச்சலாக, ஏணி உச்சியிலிருந்து கத்துகிற என் குரல்.

"ஏய், அங்கயே நில்லு! வெளிச்சத்த வுட்டுட்டு எங்க போற?"

"எங்கயும் போவல மேடம். இங்கதான் நிக்கிறேன்."

அந்த அம்மா எழுந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் படியேறி மேடைக்குப் போய்விட்டார். நேராகத் தரையில் கிடந்த அந்த வெளிச்சத் துண்டுக்குப் போய் அதன் மேல் நின்றார். அங்கே அவர் பாதம் மட்டும்தான் தெரிந்தது. சுற்றிலும் தேடினார்.

"அங்க இல்லம்மா" என்றாள் மங்கலம்பேட்டைப் பெண், போர்டிலிருந்து. "முன்னாடி வாங்க. இன்னும். அங்கதான், அங்கதான் நிப்பா."

அவர் அங்கே நின்றார். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. "கைய மேல தூக்குங்க" என்றேன் நான். தூக்கினார். இருட்டில் திடீரென்று ஒரு கை மட்டும் முளைத்தது. காய்த்துப்போன உள்ளங்கை, ரேகை ரேகையாக, அந்தரத்தில். அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். விரல்களை மெல்ல வளைத்தார். ஒரு கன்னம் இருந்தால் எப்படி வளைப்பாரோ அப்படி.

"இவ்ளோ ஒசரமா ஆயிட்டா?" என்றார். "எட்டாவதுல ஆஸ்டலுக்கு அனுப்பும்போது என் காதளவுக்குத்தான இருந்தா. அப்பறம் வந்தா, போனா, நான் எங்க நிக்கவச்சுப் பாத்தேன். படுத்த படுக்கையாத்தான் பாத்தேன்."

ஸ்பீக்கரில் குரல் மறுபடி பேச ஆரம்பித்தது. அடுத்த க்யூவுக்கான வசனம் வந்தது. அந்தச் சொல் வந்ததும் முகத்து வெளிச்சம் அணைந்து அடுத்த இடம் எரிய வேண்டும். க்யூ தவறவிடுகிறவர்களை நான் மன்னித்ததே கிடையாது. மங்கலம்பேட்டைப் பெண் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. குரலும் காலடியும் எங்களைத் தாண்டி மேடையின் அந்தப் பக்கத்து இருட்டுக்குள் போய், பேசிக்கொண்டே இருந்து, முடிந்தன. கை மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் கையை இறக்கினார். பொதுவிளக்கைப் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களை விசாரிக்கும் தொனியில், "இப்ப யாரும்மா இத ஆடுறா?" என்று கேட்டார். புதிய பெண்ணைப் பற்றிச் சொன்னேன். குட்டைப் பெண், வெளிச்சம் அவள் முகத்தில் விழவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மறைக்கத் தோன்றவில்லை.

"ஏன் வுழல? எறக்கி வைக்க வேண்டியதுதான?"

மங்கலம்பேட்டைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் புள்ளைக்கும் ஒரு அம்மா இருக்கும்ல" என்றார். "நாடகத்துக்கு வந்து ஒக்காந்து, எம் பொண்ணு மூஞ்சி தெரியலயேன்னு தேடும். எறக்குங்கம்மா."

"எறக்கணும்னா யாராவது நிக்கணும். அந்தப் பொண்ணு கிளாஸ்ல இருக்குது" என்றேன்.

"என்ன ஒசரம் இருக்கும்?"

நான் அவர் உயரத்தைப் பார்த்தேன். அவரும் புரிந்துகொண்டார். போய் அதே இடத்தில், அதே பலகையில் நின்றார்.

ஏணியைப் போட்டேன். மங்கலம்பேட்டைப் பெண் ஹாலை இருட்டாக்கி, அந்த விளக்கை முழு அளவுக்கு ஏற்றினாள். உச்சியில் நின்று போல்ட்டைத் தளர்த்தினேன். அளவு போனது. ஒரு சின்ன அசைவுதான், அது போயே போய்விட்டது. மெதுவாகத் தாழ்த்தினேன். முதலில் அவர் தலைமுடி தெரிந்தது, அப்புறம் நெற்றி, அப்புறம் மூடிய கண்கள். பழைய ஹாலஜன் விளக்கில் நடு மையம் எங்கே விழுகிறது என்று மேலே இருக்கிறவருக்கு அவ்வளவு சரியாகத் தெரியாது. கீழே நிற்பவர் முகத்துக்குத்தான் தெரியும். அதனால் எல்லாரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டேன்.

"சூடு தெரியுதாம்மா? எங்க ஜாஸ்தியா இருக்குது?"

"நெத்தில" என்றார். கொஞ்சம் நிறுத்தி, கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அவ நெத்தியத் தொட்டா இப்புடித்தான் இருந்துச்சு. கடைசி அன்னைக்கு. கைய எடுத்துட்டேன்மா. சுட்டுச்சுன்னு எடுத்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏணி உச்சியில் நின்று அழுவது ஆபத்து, பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். விளக்கின் உடம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"முறுக்கிறட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"செத்த இரும்மா" என்றார். "இப்புடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

இருந்தது. அவர் அசையவில்லை. மேலே விளக்கின் தகரம் கொதித்தது. கையுறையைத் தாண்டிச் சுட்டது. நான் கையை எடுக்கவில்லை.